எந்த வீட்டுக்கு எந்த நாய்?

ஒவ்வொரு நாய் இனமும் ஏதோ ஒரு வேலைக்காக உருவானது. கரிசல் காட்டில் முயலைத் துரத்திப் பிடிக்கும் நாய் வேண்டும் என்று நினைத்தவர்கள், நன்றாக ஓடும் ஆண் நாயையும் நன்றாக ஓடும் பெட்டையையும் தலைமுறை தலைமுறையாக இணை சேர்த்ததில் வந்தது சிப்பிப்பாறை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு கடலில் இறங்கி வலை இழுத்த நாய்களின் வழியில் வந்தது லாப்ரடார். அந்த நாய்களைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனவர்கள், சுட்டு விழுந்த வாத்தை நீந்திப் போய்ப் பல் அழுந்தாமல் கவ்விக்கொண்டு வரும் வேலையைக் கொடுத்தார்கள். குட்டைக் காலும் நீண்ட உடம்புமாக இருக்கும் டாஷ்ஹண்ட், ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்ற விலங்கை எதிர்க்கப் பழக்கிய நாய். ஜெர்மன் ஷெப்பர்ட் ஆட்டுக் கிடையைக் காத்தது. ராட்வைலர் கசாப்புக்காரர்களின் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டியது. டாபர்மேன் என்ற பெயர் அதை உருவாக்கியவரின் பெயர்தான். அவர் அபோல்டா என்ற ஜெர்மன் ஊரில் வரி வசூலித்தவர். பணப்பையோடு போகும்போது கூடவே வர ஒரு காவல் நாய் அவருக்கு வேண்டியிருந்தது.

இன்று அந்த வேலைகளில் பெரும்பாலானவை இல்லை. வேலைக்கென்று வளர்ந்த உடம்பும் மனமும் மட்டும் குட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுகின்றன. லாப்ரடார் வாசலில் கிடக்கும் செருப்பைக் கவ்விக்கொண்டு வருவதும், டாஷ்ஹண்ட் பூந்தொட்டி மண்ணைத் தோண்டித் தள்ளுவதும், ஷெப்பர்ட் ஓடி விளையாடும் பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மூலையில் சேர்ப்பதும், பீகிள் ஒரு வாடையைப் பிடித்துக்கொண்டு கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போவதும் கெட்ட பழக்கம் இல்லை. அவற்றின் பாட்டன் பூட்டனுக்கு இதற்காகத்தான் சோறு போட்டார்கள். ஆகவே நாய் வாங்க நினைக்கும் வீடு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த இனம் என்ன வேலைக்குப் பிறந்தது என்பது. அந்த வேலைக்கு ஈடாக நாம் எதைக் கொடுக்க முடியும் என்பது அடுத்த கேள்வி.

இனத்தைத் தெரிந்துகொண்டால் நாயின் குணம் முழுவதையும் தெரிந்துகொண்டதாக ஆகாது. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தைத்தான் இனத்தைக் கொண்டு விளக்க முடிகிறது என்று அது சொன்னது. சட்டென்று சீறுமா, பொறுத்துப் போகுமா என்பதற்கும் இனத்துக்கும் தொடர்பு மிகக் குறைவாகவே தெரிந்தது. வளர்ப்பு, குட்டிப் பருவத்து அனுபவம், அந்தத் தனி நாயின் பிறவிச் சுபாவம் எல்லாம் சேர்ந்துதான் குணம் அமைகிறது. உடம்பு விஷயத்தில் இனம் ஏமாற்றாது. எவ்வளவு பெரிதாக வளரும், எவ்வளவு மயிர் கொட்டும், வெயிலைத் தாங்குமா, மூச்சு சீராக வருமா, எந்த நோய்க்கு ஆளாகும் என்பவற்றைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். இனத்தைப் பார்த்துத் தேர்வு செய்கிறவர்கள் இவற்றைப் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும்.

வீட்டின் ஒரு நாள்

நாயை நினைப்பதற்கு முன் வீட்டின் ஒரு நாளை எழுதிப் பார்ப்பது நல்லது. காலையில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், கதவு எப்போது பூட்டப்படுகிறது, மறுபடி எப்போது திறக்கிறது என்று ஒரு தாளில் குறித்தால் போதும், பாதி விடை கிடைத்துவிடும்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை 8.30க்குக் கதவு பூட்டப்படுகிறது, இரவு 7.30க்குத் திறக்கிறது. இடைப்பட்ட 11 மணி நேரமும் ஒரு வயது லாப்ரடார் உள்ளே தனியாக இருக்கிறது. லிஃப்ட் நிற்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அது கதவருகே ஓடி வந்து நிற்கும். மதியத்துக்குள் சோபாவின் ஒரு மூலை பஞ்சு பஞ்சாகக் கிடக்கும். கதவின் உட்பக்கத்தில், தாழ்ப்பாளுக்குச் சற்றுக் கீழே, நகம் கீறிய கோடுகள் நாளுக்கு நாள் ஆழமாகும். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் குரைப்பைப் பற்றிப் புகார் வரும். வீட்டுக்காரர்கள் நாய் பழிவாங்குகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த நாய்க்கு இருப்பது சலிப்பும் தனிமைப் பயமும்தான். வளர்ந்த லாப்ரடாருக்கும் ஷெப்பர்டுக்கும் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் நடையும் ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். சங்கிலியோடு தெரு முனை வரை போய், காலைத் தூக்கிவிட்டுத் திரும்பும் 10 நிமிடம் அந்தக் கணக்கில் சேராது.

குட்டி என்றால் நிலைமை இன்னும் கடினம். மூன்று மாதக் குட்டியால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நாளுக்கு மூன்று நான்கு வேளை தீனி வைக்க வேண்டும். பகலில் ஒருவராவது வீட்டில் இல்லாத குடும்பம் குட்டி வாங்குவது சரியில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஆர்வம் இருந்தால், இரண்டு மூன்று வயது கடந்து நிதானப்பட்ட நாயைத் தத்தெடுத்து, நண்பகலில் வந்து வெளியே கூட்டிப்போக நம்பிக்கையான ஓர் ஆளை ஏற்பாடு செய்வதுதான் வழி.

நடத்திக் கூட்டிப்போவது யார் என்பதையும் பேசி முடித்துவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நாய் கேட்பது பிள்ளைகள். தினமும் நானே கூட்டிப்போவேன் என்று சத்தியம் செய்வார்கள். முதல் மாதம் செய்யவும் செய்வார்கள். அரையாண்டுத் தேர்வு வந்ததும் சங்கிலி அம்மாவின் கைக்கு வந்துவிடும், அங்கேயே தங்கியும் விடும். ஏற்கெனவே வீட்டு வேலையும் வெளி வேலையுமாக இருக்கும் ஒரு பெண்ணின் தலையில் 12 ஆண்டுப் பொறுப்பு ஒன்று அவரைக் கேட்காமலே ஏறுகிறது. அவர் மனமார ஒப்புக்கொள்ளாத வீட்டில் நாய் வேண்டாம்.

வெயிலும் மூச்சும்

தமிழ்நாட்டில் நாய் இனத்தைத் தேர்வு செய்பவர்கள் வீட்டின் பரப்பளவை அளக்கிறார்கள். அதைவிட முக்கியமானது வெயில்.

மனிதருக்கு உடம்பு முழுவதும் வியர்க்கிறது. நாய்க்கு உள்ளங்கால் மெத்தைகளில் மட்டுமே வியர்வை உண்டு, அது உடம்பைக் குளிர்விக்கப் போதாது. நாக்கை நீட்டி மூச்சிரைக்கும்போது, வாயிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. நாயின் உடல் சூடு தணிவது பெரும்பாலும் அப்படித்தான். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் ஈரம் எளிதில் ஆவியாகாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் மே மாதத்துப் புழுக்கம் நாயை வாட்டுவது இதனால்தான். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இந்த நிலையில் பக்கின் மூக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். 2003இல் ஒரு செல்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிய பக், இந்தியா முழுவதும் வீடு வீடாக அந்த இனத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், ஷிட்சு ஆகியவை தட்டை முகத்துக்காகவே இணை சேர்த்து வளர்க்கப்பட்டவை. மண்டையோடு குட்டையாயிற்று, உள்ளே இருக்கும் சதை குறையவில்லை. மூக்குத் துளை ஒடுங்கி, மேலண்ணத்தின் மென்சதை மூச்சுக்குழல் வாயை மறைத்துக்கொண்டு நிற்கிறது. எந்த உறுப்பால் உடம்பு குளிர வேண்டுமோ அந்த உறுப்பே சுருங்கிப்போன நாய் இது. பக் குறட்டை விடுவதைச் சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்கிறார்கள். அந்தச் சத்தம் காற்று உள்ளே போக வழியில்லாமல் முட்டிக்கொள்ளும் சத்தம். கண்கள் பிதுங்கி இருப்பதால் கருவிழியில் எளிதில் புண் வருகிறது, முகத்து மடிப்புகளில் ஈரம் தங்கித் தோல் புண்ணாகிறது. இந்த நாய்கள் அன்பானவை, குழந்தைகளோடு நன்றாகப் பழகுபவை, இதில் சந்தேகமில்லை. பகல் முழுவதும் குளிர்ந்த அறை, எடை கூடாத உணவு, விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் மட்டுமே சிறு நடை, கால்நடை மருத்துவருக்கு அடிக்கடி செலவழிக்கும் வசதி ஆகியவை இருந்தாலொழிய இவற்றை வாங்கக் கூடாது.

சைபீரியன் ஹஸ்கியின் கதை இன்னும் வேதனையானது. வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த நாய் அது. அதன் உடம்பில் அடியில் கம்பளிபோல் ஒன்றும் மேலே நீண்ட மயிராக ஒன்றும் என இரண்டு அடுக்கு உண்டு. குளிருக்கான அந்த மயிரோடு அது நம் வெயிலில் தவிக்கிறது. மயிரை மழித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்று எண்ணுவதும் தவறு, மழித்த தோல் வெயிலில் வெந்துபோகும், மயிரும் பழையபடி வளராமல் போகலாம். பகலெல்லாம் ஏசி போட்டு வைக்கிறோம் என்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு நாளில் பல கிலோமீட்டர் ஓடப் பிறந்த நாயை ஓர் அறைக்குள் ஏசியில் வைத்தால், வெயிலுக்குத் தப்பி அடைப்பில் மாட்டியதாகவே ஆகும். மின்சாரம் போகும் மதியங்களை வேறு நினைக்க வேண்டும். ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், செயின்ட் பெர்னார்ட் மூன்றும் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு ஆகாதவை. நீலக் கண்ணுக்காக ஹஸ்கி வாங்குவதைவிட அதன் படத்தை மாட்டி வைப்பது அந்த நாய்க்குச் செய்யும் பெரிய நன்மை.

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஷெப்பர்ட் மூன்றுக்கும் இரட்டை மயிர் அடுக்கு உண்டு. மூக்கு நீளமாக இருப்பதால் நிழலும் தண்ணீரும் சரியான நேரத்து நடையும் இருந்தால் இங்கே சமாளித்துக்கொள்கின்றன. எந்த நாயையும் தார்ச்சாலையில் இறக்கும் முன் புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைத்துப் பார்க்க வேண்டும். நம் கை பொறுக்காத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது. நாய் தள்ளாடினாலோ, எச்சில் கொழகொழவென்று வடிய நாக்கு கருஞ்சிவப்பானாலோ, நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை, பாதங்களில் ஊற்றி, விசிறியபடியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வெயிலோடு சேர்ந்து வருவது உண்ணி. உண்ணி பரப்பும் காய்ச்சல் நாயின் ரத்த அணுக்களைத் தாக்கி, சில நாட்களில் எழுந்திருக்க முடியாமல் செய்துவிடும். குட்டை மயிர் நாயென்றால் காது மடலின் உட்புறம், கால்விரல் இடுக்கு, வாலடி ஆகிய இடங்களை விரலால் தடவினாலே மிளகுபோல் தட்டுப்படும். ஷிட்சு, கோல்டன், காக்கர் ஸ்பானியல் போன்றவற்றில் மயிரை வகிர்ந்து வகிர்ந்து தேட வேண்டும். தினமும் கால் மணி நேரம் சீப்பை எடுக்க முடியாதவர்கள் நீள மயிர் நாயை விட்டுவிடலாம். தொங்கு காது நாய்களுக்குப் புழுக்கத்தில் காதில் சீழ் பிடிப்பதும் இங்கே சாதாரணம். வீட்டில் ஆஸ்துமா, ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் மயிர் கொட்டாத இனம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கிறது. நாய் உள்ள நண்பர் வீட்டுக்குச் சில முறை போய் உட்கார்ந்து பார்ப்பதே நம்பகமான சோதனை.

இடம், ஆட்கள், அண்டை வீடு

சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் என்ற கணக்கு முழுக்கச் சரியில்லை. கிரேட் டேன் பெரும்பாலான நேரம் படுத்தே கிடக்கும். பீகிள் கையில் தூக்கக் கூடிய அளவுதான், ஆனால் கூட்டமாக முயலைத் தேடிய இனம் என்பதால் குரல் தெருக்கோடிக்குக் கேட்கும், தனிமையும் அதற்குப் பிடிக்காது. நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் வெள்ளைச் சடை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனம். வெயிலுக்குப் பழகியது, செலவு குறைவு, கெட்டிக்காரத்தனம் உண்டு. நடுத்தரக் குடும்பங்கள் பல ஆண்டுகளாக இதை வளர்த்துவந்ததில் நியாயம் இருக்கிறது. அழைப்பு மணிக்கெல்லாம் கத்துவது ஒன்றுதான் குறை, சிறுவயதிலேயே பழக்கினால் அதுவும் குறையும்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் எடை முக்கியம். 30 கிலோ நாய் ஒரு பூனையைப் பார்த்துத் திடீரென்று பாய்ந்தால், சங்கிலியைப் பிடித்திருக்கும் 70 வயதுக்காரர் விழுவார், அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் தேறுவது கடினம். அவர்களுக்கு 10 கிலோவுக்கு உட்பட்ட, குட்டிப்பருவம் தாண்டிய நாயே பொருத்தம். கைக்குழந்தை உள்ள வீட்டில் மிகச் சிறிய இனங்கள் ஆகாது. குழந்தை தூக்கிக் கீழே போட்டால் அவற்றின் கால் முறியும், வலியில் கடிக்கவும் கடிக்கும். எந்த இனமாக இருந்தாலும் சிறு குழந்தையையும் நாயையும் தனியாக ஓர் அறையில் விடக் கூடாது.

ராட்வைலர், டாபர்மேன் போன்ற காவல் இனங்களை முதல் நாயாக வாங்குவது பெரும் தவறு. அவற்றைப் பழக்கத் தெரிந்த கை வேண்டும், தினமும் வேலை கொடுக்க இடம் வேண்டும். பயந்தவனுக்குத் துணையாக வாங்கி, பகல் முழுவதும் கட்டிப் போட்டு, வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கத் தூண்டிவிட்ட நாய் ஒரு நாள் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். அப்போது பழி இனத்தின் மேல் விழும். கட்டிப்போட்டவரையும் தூண்டிவிட்டவரையும் யாரும் கேட்பதில்லை.

நம் மண்ணின் இனங்கள்

நம் வெயிலில் பிறந்து, நம் சோற்றில் வளர்ந்த இனங்களைப் பற்றித் தமிழ்நாட்டு வாசகர்கள் விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இன அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை பேசப்பட்ட பிறகு நகரங்களில் இவற்றுக்குத் திடீர் மவுசு வந்தது. பெருமைக்காக வாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். இவையும் வேலைக்காகப் பிறந்தவைதான்.

ராஜபாளையம் பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக, தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை நிற்கும் கம்பீரமான நாய். வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டது. வீட்டில் ஒருவரையே எஜமானாக ஏற்றுக்கொண்டு அவர் பேச்சை மட்டும் கேட்கும் சுபாவம் மிகுதி. புதியவர்கள் தொட்டுக் கொஞ்சுவதை விரும்பாது. வேலி போட்ட தோட்டமோ, சுற்றுச்சுவர் உள்ள தனி வீடோ இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல காவல் கிடைப்பது அரிது. விருந்தாளிகள் வந்துபோகும் அடுக்குமாடி வீட்டில் நாயும் தவிக்கும், வீட்டாரும் தவிப்பார்கள். இந்த இனத்தில் ஒரு குறை உண்டு. வெள்ளை நிறத்தோடு தொடர்புடைய பிறவிச் செவிடு சில குட்டிகளுக்கு வருகிறது. குட்டி உடன்பிறப்புகளோடு விளையாடாமல் தனியாக இருக்கும்போது, அதன் பின்னால் நின்று கையைத் தட்ட வேண்டும். காற்று படாமலும் நிழல் விழாமலும் தட்டியதற்குக் காது அசைந்தால் கேட்கிறது என்று பொருள். இரண்டு மூன்று முறை வேறு வேறு பக்கத்தில் இருந்து செய்து பார்க்க வேண்டும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் இரையைப் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். ஒட்டிய வயிறு, வில்லாக வளைந்த முதுகு, நீண்ட கால்கள், எலும்பு எண்ணலாம் போன்ற உடம்பு. பார்ப்பவர்கள் சோறு போடவில்லையா என்று கேட்பார்கள், ஓடும் நாய்க்கு அதுதான் உடல்வாகு. கன்னி பெரும்பாலும் கறுப்பு உடம்பில் பழுப்புக் கால்களும் கண்ணுக்கு மேல் பழுப்புப் பொட்டுமாக இருக்கும், கூச்சம் அதிகம். வீட்டுக்குள் இரண்டும் சத்தமில்லாதவை, சுத்தமானவை, எங்கே இருக்கின்றன என்றே தெரியாது. மயிர் குட்டை என்பதால் பராமரிப்பும் குறைவு. வெளியே ஒரு அணிலோ பூனையோ ஓடினால் மட்டும் எதுவும் காதில் விழாது. சங்கிலி இல்லாமல் சாலையில் விட்டால் அன்றே வண்டியில் அடிபடும். வாரத்தில் சில நாட்களாவது வேலி அடைத்த வெளியில் முழு வேகத்தில் ஓட விடுகிறவர்களுக்கே இவை ஏற்றவை. விடியலில் ஓடும் பழக்கம் உள்ள இளைஞருக்கு இவற்றைப் போன்ற துணை கிடையாது. முயல் வேட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தேனி மாவட்டத்துக் கோம்பை இவற்றிலிருந்து வேறுபட்டது. செம்பழுப்பு உடம்பு, கரி பூசியதுபோல் கறுத்த முகம், திரண்ட தோள். மலையடிவாரத்தில் காட்டுப் பன்றியை எதிர்த்து நின்ற நாய். துணிச்சலும் பிடிவாதமும் அதிகம். தோப்பு, பண்ணை, மாட்டுத் தொழுவம் உள்ள கிராமத்து வீட்டுக்கு உரியது. காவல் நாயைப் போற்றுவது இந்த மண்ணில் புதிதும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், இறந்த வீரனோடு கள்வரை எதிர்த்து நின்ற அவனது நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும் கல்லில் உண்டு. ஏழாம் நூற்றாண்டு நாய் ஒன்றின் பெயர் நமக்குத் தெரிகிறது என்பது சாதாரண விஷயம் இல்லை.

இந்த இனங்களுக்கு மவுசு கூடியதும் நெருங்கிய உறவுக்குள் இணை சேர்ப்பதும், கலப்புக் குட்டியை அசல் என்று விற்பதும் கூடிவிட்டன. அந்தந்த வட்டாரத்தில் பரம்பரையாக வளர்ப்பவரிடம் நேரில் போய்ப் பார்த்து வாங்குவதே நல்லது.

இனப் பெயர் எதுவும் இல்லாத நாட்டு நாயை எந்தப் பட்டியலிலும் கடைசியில் வைப்பது வழக்கம். பெரும்பாலான வீடுகளுக்கு முதலில் வைக்க வேண்டியது அதைத்தான். மனிதர் கை வைத்து உருவத்தை மாற்றாத நாய் அது. மூக்கு நீளமானது, மயிர் குட்டையானது, உடம்பு 15 முதல் 20 கிலோ. தட்டை முகத்தின் மூச்சுத்திணறலும் பெரிய இனங்களின் இடுப்பு மூட்டுக் கோளாறும் அதற்கு அரிது. புத்தி கூர்மை. சென்னை புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் தத்தெடுக்கக் காத்திருக்கும் நாய்கள் எப்போதும் உண்டு. வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது, அதன் அளவும் குணமும் எடுக்கும்போதே கண்ணுக்குத் தெரியும்.

செலவும் உணவும்

குட்டியின் விலை ஒரு தடவைச் செலவு. மாதம்தோறும் தீனி, ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் மற்ற தடுப்பூசிகளும், பூச்சி மருந்து, உண்ணி மருந்து, ஊருக்குப் போகும்போது விட்டுப்போகும் இடத்துக்கான கட்டணம் என்று நீளும் செலவே பெரிது. உடல் பெரிதாக ஆக மருந்தின் அளவும் கூடும், தீனியும் கூடும். 40 கிலோ நாயின் அறுவைச் சிகிச்சைக்கும் 8 கிலோ நாயின் அறுவைச் சிகிச்சைக்கும் கட்டணம் ஒன்றாக இருக்காது. பெரிய இனங்களுக்கு ஆயுளும் குறைவு. கிரேட் டேன் 7 முதல் 10 ஆண்டு, லாப்ரடார் 10 முதல் 12, சிறிய நாய்கள் 14, 15 வரைகூட இருக்கும்.

லாப்ரடார் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பசி அடங்கியது என்று மூளைக்குச் சொல்லும் வழியில் உள்ள ஒரு மரபணு, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரில் பழுதாகி இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த நாய்க்கு எவ்வளவு போட்டாலும் இன்னும் வேண்டும். சாப்பாட்டு மேசையருகே அது பார்க்கும் பார்வைக்கு இரங்கி இட்லி, சப்பாத்தி, பிஸ்கட் என்று கொடுத்துக்கொண்டே போனால் ஐந்து வயதில் மூட்டு தேய்ந்துவிடும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தட்டுப்படும் அளவே சரியான எடை. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் எந்த நாய்க்கும் நஞ்சு.

குட்டியைப் பார்க்கும்போது

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கத்துக்கான 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். 30 நாள் குட்டியைத் துணிப் பையில் போட்டுப் பேருந்து நிலையத்தில் கைமாற்றுவது இன்னும் நடக்கிறது. தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. மூன்றாவது வாரம் முதல் 12, 14 வாரம் வரை அது பார்த்துப் பழகும் மனிதர்கள், சத்தங்கள், வண்டிகள் எல்லாம் ஆயுள் முழுவதும் அதற்குப் பயமில்லாதவை ஆகின்றன. தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டாவது தெருவைக் காட்டுவது இதற்காகத்தான்.

குட்டியின் தாயை நேரில் பார்க்காமல் வாங்கக் கூடாது. தாய் மனிதரைக் கண்டு ஒடுங்குகிறதா, சீறுகிறதா, இயல்பாக வந்து மோந்து பார்க்கிறதா என்பதைக் கவனித்தால் குட்டியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். தாயைக் காட்ட மறுப்பவரிடமிருந்து திரும்பிவிட வேண்டும். கண்ணில் பீளை, மூக்கொழுகல், வயிறு மட்டும் உப்பலாக இருப்பது, பின்புறத்தில் கழிச்சல் ஒட்டியிருப்பது நோயின் அடையாளங்கள். மூலையில் பதுங்கும் குட்டியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எடுப்பவர்கள் அதன் பயத்தோடு பல ஆண்டு உழைக்கத் தயாராக இருக்க வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் அது கிடைக்காது.

இவ்வளவும் தெரிந்த பிறகும், கூடைக்குள்ளிருந்து ஒரு குட்டி ஏறி வந்து விரலை நக்கினால் யாருக்கும் மனம் இளகிவிடும். அதனால் முதல் தடவை குட்டி பார்க்கப் போகும்போது பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு வாரம் பேசிவிட்டு, அதன் பிறகும் வேண்டும் என்றால் போய் எடுத்து வாருங்கள்.